நான்காவது சிலை

2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து ஓர் இரவில் மட்டக்களப்பு நகரில் நான்கு சிலைகள் சேதப்படுத்தப்பட்டன. காந்தி, சுவாமி விபுலாநந்தர், புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை ஆகிய மூவரும் அங்கே சிலையாக நின்றதற்கு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். விபுலாநந்தர் காரைதீவில் பிறந்தவர், கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பியவர். புலவர்மணி அந்த மண்ணின் தமிழாசான். காந்திக்கு உலகில் எந்த ஊரும் சொந்த ஊர்தான். நான்காவது சிலைக்குரியவர் பேடன் பவல் பிரபு: பிரிட்டிஷ் படையிலிருந்து ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல். உலகச் செய்திகளில் காந்தியே முன்னால் நின்றார். ஜெனரல் உடைபட்ட செய்தி ஒரு வரியோடு முடிந்துபோனது.

உடைத்தவர்களின் நோக்கத்தை ஆராய்வது காவல்துறையின் வேலை. ஆனால் அந்த நான்காவது ஆள் அங்கே எப்படி வந்து நின்றார் என்பது கேட்கத்தக்க கேள்வி. கோட்டை கட்டிய போர்த்துக்கேயத் தளபதிக்கோ, 1638இல் அதைப் பிடித்த ஒல்லாந்தருக்கோ, 1795இல் அவர்களிடமிருந்து பறித்த ஆங்கிலேயருக்கோ அந்த ஊரில் மாலை விழுவதில்லை. இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் பேரரசுக்காகப் படை நடத்திய ஒருவருக்கு மட்டும் பாடசாலைப் பிள்ளைகள் மாலை போடுகிறார்கள். அவர் தொடங்கிய சாரணியம் இலங்கையில் நூறாண்டு நிறைவைக் கொண்டாடிய அதே ஆண்டில்தான் அந்தச் சிலை சேதமானது என்பது காலத்தின் குறும்பு.

ராபர்ட் ஸ்டீபன்சன் ஸ்மித் பேடன் பவல் 1857 பெப்ரவரி 22 அன்று லண்டனில் பிறந்தார். தகப்பன் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் வடிவியல் பேராசிரியர், பாதிரியாரும்கூட. பிள்ளைக்கு மூன்று வயதானபோதே அவர் இறந்துவிட்டார். வளர்த்தெடுத்தவர் தாய் ஹென்றியெட்டா கிரேஸ். பிள்ளைகளின் முன்னேற்றத்தை ஒரு படையெடுப்பைப் போலத் திட்டமிட்டு நடத்திய பெண்மணி அவர். சார்ட்டர்ஹவுஸ் பாடசாலையில் ராபர்ட் பெரிய படிப்பாளி அல்ல. பக்கத்துக் காட்டுக்குள் ஒளிந்துகொண்டு முயல் பிடிப்பது, ஆசிரியர் கண்ணில் படாமல் சமைத்துத் தின்பது, நாடகத்தில் நடிப்பது, இரண்டு கையாலும் படம் வரைவது ஆகியவையே அவருக்கு வந்த வித்தைகள். 1876இல் இராணுவப் பரீட்சை எழுதி நல்ல இடத்தில் தேறியதால், வழக்கமான கடெற் கல்லூரிப் பயிற்சியே இல்லாமல் லக்னோவில் இருந்த 13ஆவது ஹுஸார் குதிரைப்படைக்கு நேராக அனுப்பப்பட்டார்.

இந்தியாவில் அவர் செய்த பெரும் போர் என்று எதுவும் இல்லை. ஈட்டியோடு குதிரையேறிக் காட்டுப்பன்றி வேட்டையாடுவதில் பேரெடுத்தார், 1883இல் அதற்கான காதிர் கிண்ணத்தை வென்றார், அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அந்த வேட்டைதான் அவரை வேவுக்கலைக்கு இழுத்துச் சென்றது: அடிச்சுவடு படிப்பது, காற்றின் போக்கை அறிவது, ஒடிந்த கொப்பைப் பார்த்து எவ்வளவு நேரத்துக்கு முன் ஆள் போயிருக்கிறான் என்று கணிப்பது. 1884இல் வேவு பார்த்தல் குறித்து அவர் எழுதிய கைநூல் சிப்பாய்களுக்கானது. மட்டக்களப்பின் படுவான்கரையில் மாடு தேடிக் காட்டுக்குள் போகிறவனுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். அவனிடமிருந்து பேடன் பவல் வேறுபட்டது, இதையெல்லாம் பாடமாக எழுதி அச்சிடலாம் என்று நினைத்த இடத்தில்தான்.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளை அவரது ரசிகர்கள் சாகசக் கதையாகச் சொல்வார்கள். 1888இல் சூலூ தேசத்தில் மன்னன் டினுசூலுவுக்கு எதிரான நடவடிக்கை. மால்ட்டாவில் உளவு அதிகாரி வேலை. அந்த வேலையில் வண்ணத்துப்பூச்சி சேகரிப்பவராக நடித்து, பூச்சிச் சிறகின் கோடுகளுக்குள் கோட்டைகளின் வரைபடத்தை ஒளித்து வரைந்ததாக அவரே எழுதியிருக்கிறார். (இப்படிப்பட்ட கதைகளில் அவருடைய நாடக மேடையும் கொஞ்சம் கலந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வது நல்லது.) 1895-96இல் இன்றைய கானாவில் அசாந்தி மன்னன் பிரெம்பேயைப் பதவியிறக்கிய படையெடுப்பு. 1896இல் இன்றைய சிம்பாப்வேயில் மத்தபெலே மக்களின் எழுச்சியை அடக்கும் போர்.

அந்தக் கடைசி இடத்தில் சற்று நிற்கவேண்டும். உவினி என்ற குலத்தலைவர் காயத்தோடு பிடிபட்டார். பிடிபட்டவர்களைக் குடியியல் அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது மேலிடத்து விருப்பம். பேடன் பவல் களத்திலேயே ஓர் இராணுவ விசாரணையை நடத்தி, அவரைத் தம் சொந்த மக்களின் கண்முன்னே சுட்டுக்கொல்ல உத்தரவிட்டார். விஷயம் உயர் ஆணையர் வரை போய், விசாரணைக் குழு அமர்ந்து, முடிவில் அவர் குற்றமற்றவர் ஆக்கப்பட்டார். பேரரசு நடத்திய விசாரணையில் பேரரசின் அதிகாரி விடுதலையாவது புதினமல்ல. அப்படியொரு விசாரணை நடத்தவேண்டி வந்தது என்பதே, அன்றைய ஆங்கிலேயருக்கும் அந்தச் செயல் உறுத்தியது என்பதற்குச் சான்று.

அவரை உலகறிந்த பெயராக்கியது மஃபெக்கிங். தென்னாபிரிக்காவில் போயர்களுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டதும், 1899 ஒக்டோபர் 13 அன்று அந்தச் சிறிய ரயில் நகரம் முற்றுகைக்குள் வந்தது. 217 நாள் கழித்து, 1900 மே 17 அன்று மீட்புப்படை உள்ளே நுழைந்தது. கையில் போதிய பீரங்கி இல்லாத பேடன் பவல், பொய்யை ஆயுதமாக்கினார். மண் நிரப்பிய பெட்டிகளைக் கண்ணிவெடி என்று ஊரறியப் புதைத்தார். இல்லாத முள்வேலியைத் தாண்டுவதுபோல் சிப்பாய்களைக் காலைத் தூக்கி நடக்கச் சொன்னார். போயர்கள் தூரக்கண்ணாடியில் அதைப் பார்த்து நம்பினார்கள். ஞாயிறு சண்டை ஓய்வில் கிரிக்கெட்டும் கச்சேரியும் நடந்தன. லண்டன் பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும்? ஊர் மீண்ட செய்தி வந்த இரவில் லண்டன் வீதிகளில் ஜனம் கூத்தாடியது. நாற்பத்து மூன்று வயதில் அவர் மேஜர் ஜெனரல் ஆனார்.

முற்றுகைக்குள் அவரது பணிக்குழுத் தலைமை அதிகாரி எட்வர்ட் செசில் பிரபு ஊர்ச் சிறுவர்களைச் சேர்த்து ஒரு கடெற் படை அமைத்தார். அவர்களுக்குத் துவக்கு இல்லை. கடிதம் கொண்டுபோவது, காவல் பார்ப்பது, ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. முதலில் கழுதையில், கழுதைகள் தீர்ந்தபின் சைக்கிளில். அவர்களின் தலைவன் வார்னர் குட்இயர் பதின்மூன்று வயதுப் பையன். முற்றுகைக்குள் அச்சடித்த தபால் முத்திரை ஒன்றில் சைக்கிளோடு அவன் படம் இருக்கிறது. இன்னொன்றில் பேடன் பவலின் முகம், விக்டோரியா மகாராணியின் முகம் இருக்கவேண்டிய இடத்தில். பையன்களை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தால் அவர்கள் பெரிய ஆட்களைப்போல் நடந்துகொள்வார்கள் என்பதை அங்கேதான் கண்டதாக அவர் பின்னாளில் எழுதினார். சாரணர் பாசறைகளில் தீமூட்டிச் சொல்லப்படும் மஃபெக்கிங் இதுதான்.

அதே மஃபெக்கிங்கில் ஆபிரிக்கர்களும் இருந்தார்கள். வெள்ளையரைவிடப் பல மடங்கு அதிகமாக. ஊரை அடுத்த குடியிருப்பில் பரோலோங் மக்கள், அவர்களோடு போருக்குத் தப்பி வந்த வேற்றூர் அகதிகள். பலர் ஆயுதம் ஏந்திக் காவல் காத்தார்கள், எதிரியின் மாடுகளை ஓட்டிவந்து ஊருக்கு இறைச்சி கொடுத்தார்கள், இரவில் வேலி தாண்டிச் செய்தி கொண்டுபோனார்கள். உணவு குறைந்தபோது பங்கீடு நிறம் பார்த்தது. குதிரையிறைச்சிக் கஞ்சி காய்ச்சப்பட்டது, ஆனால் காசு கேட்கப்பட்டது. அகதிகளைப் பட்டினியால் தள்ளி வெளியேற வைத்தார்கள். வழியில் செத்தவர்கள் பலர். 1979இல் தோமஸ் பாக்கன்ஹாம் எழுதிய போயர் போர் வரலாறு இந்தக் குற்றச்சாட்டைக் கடுமையாக வைத்தது. பத்தாண்டு கழித்து விரிவான வாழ்க்கை வரலாறு எழுதிய டிம் ஜீல், அகதிகள்மேல் காட்டிய கடுமையை மறுக்காமலே, பாக்கன்ஹாம் அளவை மிகைப்படுத்திவிட்டார் என்று வாதாடினார். இந்த வழக்கில் ஜீலின் கணக்குகள் கவனமானவை என்றாலும், கஞ்சிக்குக் காசு வாங்கிய முடிவை எந்தக் கணக்காலும் அழகாக்கிவிட முடியாது.

இந்தப் போர் இலங்கைக்குத் தூரத்துச் செய்தி அல்ல. பிடிபட்ட போயர்களை அடைக்க இடம் தேடிய பிரிட்டன், 1900 ஆகஸ்டில் ஊவா மலையில் தியத்தலாவையில் முகாம் திறந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் கைதிகள் தகரக் கொட்டகைகளில் அங்கே இருந்தார்கள். செங்கலடியிலிருந்து புறப்பட்டு மேற்கே பதுளைக்கு ஏறும் வீதி, அந்த மலைநாட்டுக்கு மட்டக்களப்பாரின் வழி. போர் முடிந்தும் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த எங்கெல்பிரெக்ட் என்ற கைதி, நாடு திரும்ப முடியாமல் அம்பாந்தோட்டைப் பக்கமே தங்கி, யால காட்டின் முதல் காவலராகி, அங்கேயே வாழ்ந்து மடிந்தார். தியத்தலாவை இன்று இலங்கை இராணுவத்தின் பயிற்சித் தலம்.

இன்னொரு தொடர்பு இன்னும் நெருக்கமானது. மட்டக்களப்பில் ஒரே இரவில் உடைபட்ட காந்தியும் பேடன் பவலும் போயர் போரில் ஒரே பக்கம் நின்றவர்கள். ஒருவர் மஃபெக்கிங்கில் அடைபட்டிருந்தபோது மற்றவர் நேட்டாலில் கொலென்சோ, ஸ்பியன் கொப் களங்களில் தூக்குக்கட்டிலோடு நடந்துகொண்டிருந்தார். காந்தி சேர்த்த இந்திய அம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். அவர்களில் பெரும்பாலோர் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குச் சென்னைத் துறைமுகம் வழியாகப் போன கூலிகளில் தமிழர் ஏராளம். 1906இல் நேட்டாலில் சூலூ எழுச்சி வெடித்தபோதும் காந்தி சிறிய மருத்துவக் குழுவோடு போனார், சவுக்கடி பட்ட சூலூக்களின் புண்ணைக் கழுவினார். அந்த எழுச்சிக்குத் துணைபோனதாகப் பின்னர் விசாரிக்கப்பட்டுச் சிறை சென்றவர் அதே டினுசூலு. 1920இல் காந்தி தமது போர்ப் பதக்கங்களை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். பேடன் பவலோ, டினுசூலுவின் மாலையிலிருந்து வந்தவை என்று சொல்லப்பட்ட மரமணிகளைக் கோத்து 1919இல் கில்வெல் பார்க்கில் பயிற்சி முடித்த சாரண ஆசிரியர்களுக்கு அணிவித்தார். அந்தப் பயிற்சிக்கான தருச்சின்னம் பெற்ற இலங்கைச் சாரண ஆசிரியர் ஒவ்வொருவர் கழுத்திலும் அந்த மணிகளின் நகல் இன்றும் தொங்குகிறது. அசல் மாலை அவர் கைக்கு வந்தது பரிசாகவா, கைவிடப்பட்ட குடிசையிலிருந்தா என்பது தீராத தர்க்கம்.

போரிலிருந்து திரும்பியபோது ஒரு விசித்திரம் காத்திருந்தது. சிப்பாய்களுக்காக எழுதி 1899இல் வெளியான அவரது வேவுக் கைநூலை இங்கிலாந்துச் சிறுவர்கள் வாங்கி வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். 1903 முதல் குதிரைப்படைத் தலைமைக் கண்காணிப்பாளர் பதவியில் இருந்தவருக்கு, சிறுவர் படையணி நிறுவுநர் வில்லியம் ஸ்மித் அந்த நூலைப் பையன்களுக்காகத் திருத்தி எழுதும்படி யோசனை சொன்னார். 1907 ஆகஸ்டில் பூல் துறைமுகத்தில் உள்ள பிரவுன்சீ தீவில் இருபது பேரளவில் பையன்களைக் கூட்டி ஒரு வாரம் பரீட்சித்துப் பார்த்தார். பாதிப் பேர் ஈட்டன், ஹரோ போன்ற பணக்காரப் பள்ளிகளின் பிள்ளைகள், மீதிப் பேர் போர்ன்மவுத், பூல் நகரங்களின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். வர்க்கம் பார்த்துப் பேசிய அன்றைய இங்கிலாந்தில் இவர்களை ஒரே கூடாரத்தில் படுக்கவைத்தது, கயிற்று முடிச்சுக் கற்பித்ததைவிடப் பெரிய காரியம்.

1908 ஜனவரியிலிருந்து அவரது சிறுவர் நூல் பதினைந்து நாளுக்கு ஒன்றாக ஆறு பகுதிகளில் வந்தது. அது ஒழுங்கான புத்தகம் அல்ல. கிப்ளிங்கின் கிம் கதை, சூலூ நடனம், பல்துலக்கும் முறை, தீ மூட்டும் வித்தை, பேரரசு விசுவாசம், புகைக்கு எதிரான பிரசங்கம் எல்லாம் ஒன்றாய்க் கிடந்தன. பையன்களுக்கு அதுவே பிடித்தது. யாரும் கட்டளையிடாமல் தெருத்தெருவாகத் தாங்களே அணி சேர்ந்தார்கள். 1907இல் லெப்டினன்ட் ஜெனரலாகி, இங்கிலாந்தின் வடக்கில் ஒரு பிராந்தியப் படைப்பிரிவை நடத்திக்கொண்டிருந்தவர், ஏழாம் எட்வர்ட் மன்னரின் ஊக்கத்தோடு 1910இல் படைச் சேவையை விட்டார். வயது ஐம்பத்து மூன்று. அதற்கு மேலும் முப்பது ஆண்டு வாழ்ந்தார்: தங்கை ஆக்னஸோடு பெண் சாரணியத்தைத் தொடங்கினார், 1912இல் ஒலேவை மணந்தார், 1920இல் லண்டன் ஒலிம்பியாவில் கூடிய முதல் உலக ஜம்போரியில் உலகத் தலைமைச் சாரணர் ஆனார், 1929இல் பிரபுப் பட்டம் பெற்றார்.

சாரணியம் மறைமுகமான இராணுவப் பயிற்சியா என்ற சந்தேகம் பிறந்தபோதே உடன் பிறந்தது. தொடக்கக் குழுவில் படை அதிகாரிகள் நிறைந்திருந்தார்கள். அதில் முரண்பட்டு சேர் பிரான்சிஸ் வேன் 1909இலேயே பிரிந்து போட்டி இயக்கம் ஒன்றுக்குத் தலைமையேற்றார். முதலாம் உலகப் போருக்குப் பின் ஜோன் ஹார்க்ரேவ் இதே காரணத்துக்காக மோதி வெளியேற்றப்பட்டார். மைக்கேல் ரோசந்தால் 1986இல் எழுதிய ஆய்வு, பேரரசுக்குக் கீழ்ப்படியும் குடிமக்களை வார்க்கும் தொழிற்சாலை என்றே அதை வர்ணித்தது. ஜெனரல் தம் வித்தைகளில் கொலையை மட்டும் கழற்றிவைத்து மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார் என்று சொல்லலாம். கழற்றியது முக்கியமா, மீதி முக்கியமா என்பதில்தான் இருதரப்பும் மோதுகின்றன.

இலங்கையில் 1912இல் மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் எஃப். ஜி. ஸ்டீவன்ஸ் முதல் சாரணர் அணியைத் தொடங்கினார். இந்தியாவில் அப்போது அதிகாரபூர்வச் சாரணர் அணிகளில் இந்தியப் பையன்களுக்கு இடமில்லை. அந்த அவமானத்துக்குப் பதிலாக அன்னி பெசன்ட் சென்னையை மையமாக வைத்து இந்தியச் சாரணர் சங்கத்தைக் கட்டினார். 1921இல் பேடன் பவல் இந்தியா, பர்மா, இலங்கை என்று சுற்றி வந்தபோது பெசன்ட்டின் சங்கமும் அதிகாரபூர்வ அமைப்பும் இணைந்தன. சீருடைக்குள் நுழையும் உரிமைக்காகத் தமிழ்நாட்டில் ஒரு போராட்டம் நடந்தது என்பதை இங்கே நினைக்கவேண்டும். மேலிருந்து திணித்த பொருளுக்காக யாரும் அப்படிப் போராடுவதில்லை.

மட்டக்களப்புக்கு இந்த வித்தைகள் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவி. ஒரு பக்கம் எழுவான்கரை, மறுபக்கம் படுவான்கரை. தோணி, கயிறு, நீச்சல், முதலுதவி தெரியாமல் அங்கே பிழைப்பு நடக்காது. 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் கண்ட கரை அது. கூடாரம் கட்டவும் காயத்துக்குக் கட்டுப்போடவும் தெரிந்த பதினைந்து வயதுப் பிள்ளையின் பெறுமதியை அங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆங்கிலேயக் கல்லூரிகள் கொண்டுவந்த வழக்கம், ஆங்கிலேயர் போனபின்னும் தமிழ்ப் பாடசாலைகளிலும் முஸ்லிம் பாடசாலைகளிலும் தங்கிவிட்டது.

அந்தக் கரையில் பிள்ளைகளுக்கு அணிவிக்கப்பட்ட சீருடை சாரணச் சீருடை மட்டுமல்ல. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகும் விடுதலைப் புலிகள் மட்டக்களப்பில் சிறுவர்களைச் சேர்த்ததை ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் தொடர்ந்து பதிவு செய்தது. 2004 மார்ச்சில் அந்த இயக்கம் பிளவுபட்டபின், பிரிந்துபோன கருணா அணியும் அதைச் செய்தது. 2006 நவம்பரில் ஐ.நா. ஆலோசகராக வந்த அலன் ரொக், அந்த ஆட்சேர்ப்புக்கு அரச படையினர் சிலரும் துணைபோகிறார்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார். பாடசாலைக்கும் கோவில் திருவிழாவுக்கும் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் அஞ்சிய காலம். அப்படிப்பட்ட ஊரில், மஃபெக்கிங் கடெற்றுகளின் கையில் துவக்கைக் கொடுக்காமல் சைக்கிளைக் கொடுத்த முடிவு வேறு கனம் பெறுகிறது. அதற்காக அந்தப் பையன்கள் குண்டு விழும் தெருவில் ஓடியதை மறக்கவும் முடியாது. போரில் சிறுவனைப் பயன்படுத்தியவரும் அவரே, பின்னர் சிறுவனைப் போரிலிருந்து விலக்கி வைத்ததும் அவரே.

2020 ஜூனில் இங்கிலாந்தில் இந்த வழக்கு பட்டப்பகலில் நடந்தது. அடிமை வணிகர் சிலைகள் சரிந்த அந்த வாரங்களில், பிரவுன்சீ தீவைப் பார்த்தபடி பூல் துறையில் அமர்ந்திருக்கும் பேடன் பவல் சிலையைத் தற்காலிகமாக அகற்ற நகரசபை முடிவு செய்தது. முதிய சாரணர்கள் சீருடையோடு வந்து சூழ்ந்து நின்றார்கள். சபை அகற்றாமல் பலகையடித்து மூடியது. ஒருபுறம் மத்தபெலே, மஃபெக்கிங் பட்டியல். இன்னொருபுறம் ஐந்து கோடிக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருக்கும் உலக இயக்கம். இரு தரப்பும் ஒருவரையொருவர் கேட்க நேர்ந்தது.

இந்த வரலாற்றில் பகலிலும் இரவிலும் மஃபெக்கிங் முற்றுகைக்குள் இருந்த இன்னொருவர் சொல் பிளாட்ஜே. மஃபெக்கிங் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர், பரோலோங் இனத்தவர், அப்போது வயது இருபத்து மூன்று. குண்டுச் சத்தத்துக்கும் பசிக்கும் நடுவே ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதினார். பேடன் பவலின் நிர்வாகத்துக்காகவும் வேலை செய்தார். மாத்தளையில் முதல் சாரணர் அணி கூடிய 1912ஆம் ஆண்டில், பின்னாளில் ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ் ஆன அமைப்பின் முதல் பொதுச்செயலாளர் ஆனார். கறுப்பர்களின் நிலவுரிமையைப் பறித்த 1913ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து மறு ஆண்டு லண்டன் போன தூதுக்குழுவில் அவரும் ஒருவர். பரோலோங் மக்கள் மஃபெக்கிங்கைக் காத்த கதையையும் தம் வாதத்தில் எடுத்து வைத்தார். பிரிட்டன் தலையிட மறுத்தது. அவருடைய முற்றுகை நாட்குறிப்பு 1973இல்தான் அச்சேறியது. பேடன் பவலின் சிறுவர் நூலுக்கு அப்போது அறுபத்தைந்து வயது.